வெள்ளி, பொழுது சாயுமுன்

அப்பாவின் சலவைக் கணக்குநோட்டில்
முப்பத்தோராம் பக்கம்:
"மிடில் ரோடு நிசிம் ஒபாதியா.
வெள்ளைச் சட்டை ஒன்று, காக்கி இரண்டு.
வெள்ளி, பொழுது சாயுமுன்."

வாராவாரம் அதே வரி.
அந்த வீட்டில் விளக்கேற்றிய பிறகு
காசைத் தொடமாட்டார்கள்.
அதனால் நாலு மணிக்கே அப்பா சைக்கிளை எடுப்பார்.
வேறென்ன தெரியும் அவருக்கு?
கழுத்தளவு பதினான்கரை.
இடது கைமடிப்பில் எப்போதும் மை,
ஆகவே இடக்கைக்காரன்.
தொண்டர் படையில் சேர்ந்தபின்
இடது தோளில் துப்பாக்கி எண்ணெய்.

துணி வெளுப்பவனுக்கு
ஆளின் வியர்வை வரைக்கும் தெரியும்.
முகம்தான் சிலசமயம் மறந்துபோகும்.

பிப்ரவரியில் ஒரு வெள்ளிக்கிழமை.
எண்ணெய்க் கிடங்குகள் எரிந்த கரி
கொடியில் கிடந்த துணியெல்லாம் பெய்தது.
மறுபடி அலசினார். மறுபடி கரி.
மூன்றாம் முறை அலசி
வெள்ளைச் சட்டையை மட்டும் உள்ளே காயவைத்து
ஈரம் போகாமலே கொண்டுபோய்க் கொடுத்தார்.
நிசிம் அதற்குள் கப்பல் ஏறியிருந்தான்.

உத்தரவு என்றார்கள்.
பாங்கா நீரிணையில் குண்டு விழுந்தது என்றார்கள்.
மிதந்த பலகையைத்
தாதி ஒருத்திக்கு விட்டுக்கொடுத்தான் என்றார்கள்.
இல்லை, அவனுக்கு நீச்சலே தெரியாது என்றார்கள்.

உப்புத்தண்ணியில் சவுக்காரம் நுரைக்காது என்பார் அப்பா.
கடலைப் பற்றி
அவர் சொன்னது அவ்வளவுதான்.

பிறகு வந்தவர்கள்
கடை கடையாகக் காக்கி தேடினார்கள்.
ஒரேயொரு பித்தளைப் பொத்தானுக்காக
எதிர்க்கடை முத்துக்கருப்பரை லாரியில் ஏற்றிய இரவு
அப்பா இரண்டு சட்டைகளையும்
இஸ்திரிக் கங்கில் திணித்து எரித்தார்.
விடிந்ததும் எழுதினார்:
"காக்கி இரண்டு. எரித்தது நான்.
பற்று என் பேரில்.
மூன்று வெள்ளி இருபது காசு."

நோட்டை எரிக்கவில்லை, பாருங்கள்.
பிடிபட்டிருந்தால் அதற்கும் தலைதான்.

நேற்று கிராஞ்சிக்குப் போனேன்,
நூற்றெழுபதாம் எண் பேருந்தில்.
சொன்னபடி வந்திருந்தாள் சீமா ஒபாதியா,
அவன் அண்ணன் மகள், எண்பத்தொரு வயது,
காலில் ஓட்டச் சப்பாத்து.
கல்லறை கிடைக்காதவர்களுக்கு இங்கே
உயரமான சுவரில் ஒரு வரி.
அண்ணாந்து பார்க்கவேண்டும்.
"நாங்கள் பூ வைப்பதில்லை, கல் வைப்போம்" என்றாள்.
வைக்க அங்கே மேடு இல்லை.
கூழாங்கல்லைக் கொஞ்சநேரம் உள்ளங்கையில் வைத்திருந்து
மறுபடி பைக்குள் போட்டுக்கொண்டாள்.

நோட்டைக் காட்டினேன்.
அவளுக்குத் தமிழ் எழுத்து தெரியாது.
ஆனால் ஓரத்தில் அப்பா மையால் போட்ட குறியில்
அவள் விரல் நின்றது:
ஒரு கோடு, அடியில் மூன்று புள்ளி.

"அந்த வெள்ளைச் சட்டையை
என் அப்பா உடுத்தவுமில்லை, கொடுத்துவிடவுமில்லை.
கழுத்துப்பட்டைக்குள் இது இருந்தது.
சின்ன வயதில்
இதுதான் சித்தப்பாவின் பெயர் என்று நினைத்திருந்தேன்."

நிமிர்ந்து சுவரைப் பார்த்தேன்.
நேராய், சுத்தமாய், இங்கிலீஷில் வெட்டிய பெயர்.
அதற்குப் பக்கத்தில்
கோணல்மாணலாக ஒரு கோடும் மூன்று புள்ளியும்
எனக்கு மட்டும் தெரிந்தன.
அவளுக்கும் தெரிந்திருக்கலாம். கேட்கவில்லை.

காசை உறையிலிட்டு நீட்டினேன்.
"வட்டி எங்கே?" என்று சிரித்தாள்.
பிறகு சிரிக்காமல் கடிகாரத்தைப் பார்த்தாள்,
மேற்கே, ஜொகூர் பக்கம், வெளிச்சத்தையும்.
நேற்று வெள்ளிக்கிழமை.

உறையைப் பிரித்து
புல்லில் விழுந்த பத்துக்காசையும் தேடியெடுத்து
எண்ணி வாங்கிக்கொண்டாள்.

பொழுது சாய
இன்னும் நேரமிருந்தது.